தம்புள்ளைச் சுவரில் எல்லாளன்

காட்சிப் பண்பாடும் தேசிய அடையாளமும் என்று தலைப்பு எடுத்துக்கொண்டு மாத்தளை மாவட்டத்துக்கு வரும் வரலாற்று ஆய்வு மாணவரைச் சீகிரியா இழுக்கும். நானாக இருந்தால் தம்புள்ளைக்கு அனுப்புவேன். அங்கே குகை விகாரையின் இரண்டாம் குகையில் சிங்கள அரசன் துட்டகைமுனு தமிழ் மன்னன் எல்லாளனோடு பொருதும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. சிங்களவருக்கும் தமிழருக்கும் ஈராயிரம் ஆண்டாகப் பகை என்பதற்குச் சான்றாக அதைக் காட்டிவிடுவது எளிது. ஆனால் தம்புள்ளையில் இன்று நாம் காணும் ஓவியங்களில் பெரும்பகுதி, 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் திருப்பணியைச் சேர்ந்தது. அவனோ தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன். அவன் சிலை மூன்றாம் குகையில் நிற்கிறது.

பௌத்த நாட்டை ஆள வந்த சைவக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தன்னை நிலைநாட்டும் தேவை இருந்தது. 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, உபசம்பதா என்னும் முழுத் துறவேற்புச் சடங்கை மீட்டான். இலங்கை அரசர்களின் வரலாற்றைப் பாடும் பாளி நூலான மகாவம்சத்தின் தொடர்ச்சியைத் தன் காலம்வரை எழுதவைத்தான். அப்படியும் 1760இல் பிரதானிகளும் பிக்குகளும் சேர்ந்து அவனைக் கொல்லச் சதி செய்தார்கள். திருநீறு பூசுகிறான் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. இந்தப் பின்னணியில் பார்த்தால், பழைய பௌத்த வீரனுக்குச் சுவரில் இடம் கொடுத்தது இனப்பகையால் அல்ல. பௌத்த அரசர்களின் வரிசையில் தானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்ளத்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வரைந்தவர்கள் கண்டிச் சித்திரக்காரர்கள்தானே, அரசனின் குலத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கோடும் நிறமும் அவர்களுடைய மரபுதான், மறுக்கவில்லை. ஆனால் பொருள் கொடுத்துப் புதுப்பிப்பவனின் தேவையை ஒதுக்கிவிட்டு விகாரைச் சுவரைப் படிக்க முடியாது. நம்மவர் சிலர் வேறு பக்கம் தாவி, கீர்த்தி ஸ்ரீயைத் தமிழ் மன்னன் என்று சொந்தம் கொண்டாடுவார்கள். நாயக்கர்களின் பூர்வீகம் தெலுங்கு என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். எல்லாளனுக்கு நினைவிடம் எழுப்பி மரியாதை செய்யச் சொன்னவன் துட்டகைமுனுவே என்று மகாவம்சம் கூறுவதைப் பகை பேசுவோரும் அப்படித்தான் மறக்கிறார்கள். பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: இந்தச் சண்டைக் காட்சியை அச்சிடும்போது, அந்த விகாரையைப் புதுப்பித்த அரசனின் பெயரையும் குலத்தையும் படத்தின் கீழே சேர்த்து அச்சிடுங்கள்.