வழிச்செலவும் மருத்துவச் செலவே

மருத்துவச் செலவு என்றவுடன் மருந்தின் விலையும் மருத்துவரின் ஊதியமுமே நம் நினைவிற்கு வருவன. மருத்துவர் உள்ள ஊரைச் சென்று சேர்வதற்காகும் பொருளை எண்ணுவார் சிலரே. மகப்பேறு வேண்டி மருத்துவம் பெறுவார்க்கோ அச்செலவு சிறிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதன் பொருட்டு அமைந்துள்ள சட்டத்தின் நிறைகுறைகளை ஈண்டு ஆராய்வோம்.

கருவை உடலுக்குப் புறத்தே உருவாக்கும் மருத்துவம் தோன்றிய நாள்தொட்டே பயணத்தோடு பிணைந்துள்ளது. 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இம்முறையால் உலகில் முதன்முதற் பிறந்த லூயிஸ் பிரௌனின் பெற்றோர் வாழ்ந்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில்; மருத்துவம் பெற்றதோ வடக்கே ஓல்டாமில். அமெரிக்காவில் 1981 டிசம்பர் 28ஆம் நாள் இவ்வாறு பிறந்த முதற்குழந்தையின் பெற்றோரும் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தினின்று வர்ஜீனியாவின் நார்போக் நகருக்குச் சென்றவரே. இன்றும் ஒருமுறை சென்று மீள்வதால் இம்மருத்துவம் முற்றுப்பெறுவதில்லை. ஏறத்தாழப் பத்து நாட்கள் ஊசிமருந்து ஏற்று, இடையிடையே இரத்தத்தையும் கருப்பையையும் சோதித்து, இறுதி ஊசிக்குப்பின் சுமார் 36 மணி நேரத்தில் கருமுட்டையை எடுத்தல் வேண்டும். தொலைவில் வாழ்வார் பன்முறை போய்வருதல் வேண்டும். அன்றேல் அவ்வூரிலேயே தங்குதல் வேண்டும்.

அந்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுகாதாரச் சேமிப்புக் கணக்கு என்பதொன்று ஏற்பட்டது. தொடக்கத்தில் பெருந்தொகையைத் தாமே செலவிட்ட பின்னரே பயன் தரும் இன்ஷியூரன்ஸ் உடையார் இக்கணக்கில் பணம் சேர்க்கலாம். சேர்க்கும் பணத்திற்கும், அதன் பெருக்கத்திற்கும், மருத்துவத்திற்கென எடுப்பதற்கும் மத்திய வருமான வரி இல்லை. வேறு செயலுக்கு எடுப்பின் வரியோடு, 65 வயது நிரம்பாதார் நூற்றுக்கு 20 பங்கு மிகையாகவும் செலுத்தல் வேண்டும். மேற்கூறிய மகப்பேற்று மருத்துவமும், அதன்பொருட்டே செல்லும் இரயில், விமானம், வாடகை வண்டி ஆகியவற்றின் கட்டணமும் இக்கணக்கிற்கு உரியனவே. வழியும் மருத்துவத்தின் ஒரு கூறே என்று உணர்ந்த இச்சட்டம் போற்றத்தக்கது.

நிற்க, குறைகளும் உள. தங்குவதற்கு ஓரிரவுக்கு ஒருவர்க்கு 50 டாலரே ஏற்கப்படும். துணைவருவார் இன்றியமையாதவராயின் இருவர்க்குமாக 100 டாலர். இவ்வெல்லை 1984ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது, இன்றளவும் உயரவில்லை. கணக்கிற் சேர்க்கத்தக்க தொகையோ விலைவாசிக்கேற்ப உயர்ந்து வருகின்றது: தனியொருவர்க்கு 2025இல் 4,300 டாலராயிருந்தது 2026இல் 4,400 ஆயிற்று. சேர்க்குந்தொகைக்குப் பொருந்தும் நீதி தங்குஞ்செலவிற்குப் பொருந்தாதோ? எல்லையின்றேல் மருத்துவத்தின் பேரால் உல்லாசப் பயணம் செய்வர் என்பாரும் உளர். ஆடம்பரமும் இன்பப் பொழுதுபோக்கும் கலந்த தங்கலை அச்சட்டமே தனியாக விலக்கியுள்ளதாதலின் அவர் கூற்று வலியுடையதன்று.

மற்றொரு குறை இதனினும் பெரிது. ஆயிரம் டாலரை இக்கணக்கிலிட்டால், நூற்றுக்கு 37 பங்கு வரிப்படியிலுள்ள செல்வர்க்கு 370 டாலர் மிஞ்சும். 10 பங்கு வரிப்படியிலுள்ள எளியவர்க்கு மிஞ்சுவது 100 டாலரே. சேமிக்கவே இயலாதவர்க்கோ ஒன்றுமில்லை. வழியின் தொலைவு இருவர்க்கும் ஒன்றாயிருக்க, உதவி மட்டும் செல்வர்பாற் சாய்கின்றது.

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டு. தங்குஞ்செலவின் எல்லை ஆண்டுதோறும் விலைவாசியோடு உயர்தல் வேண்டும். சேமிக்க இயலாதார்க்கு வழிச்செலவை அரசே நேரில் அளித்தல் வேண்டும். மருத்துவம் உளது என்று கூறுதல் மட்டும் போதாது. வேண்டுவார் அதனைச் சென்றடையவும் வழி செய்தல் வேண்டும்.