சைக்கிள் ஓடும் பெண்ணுக்கு எந்தக் கண்ணாடி?

நலம் நம் கையில்



கண்ணாடி என்றதும் நம்மில் பலருக்குப் புத்தகமும் ஊசி நூலும்தான் நினைவுக்கு வரும். அரிசியில் கல் பொறுக்க, பிள்ளையின் கொப்பியைப் பார்க்க, சட்டைக்குத் தையல் போட என்று நாற்பது வயதைத் தாண்டியதும் ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்கிறோம். ரோட்டைப் பார்ப்பதற்கென்று கண்ணாடி வாங்குபவர் குறைவு. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எத்தனையோ பெண்கள் சைக்கிளை நம்பித்தான் நாளை ஓட்டுகிறார்கள். வேலைக்கு, சந்தைக்கு, கிளினிக்குக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். போரில் கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டால், அந்த மாத வருமானமும் அதோடு நின்றுவிடும்.

இந்தப் பக்கம் எழுதப்படும் தெமோதரையில் சைக்கிள் குறைவு. இருப்பவர்களும் மேட்டில் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில்தான் ஏறி ஓடுகிறார்கள். ஆனால் 1977, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் பெண்கள் சமவெளியில் சைக்கிள் மிதிக்கிறார்கள். அவர்களுக்கும், இங்கே மலை ரோட்டில் இறங்குகிறவர்களுக்கும் சேர்த்தே இந்த மாதம் எழுதுகிறோம்.

சொல்ல வருவது ஒன்றுதான். கண்ணாடி வாங்கும்போது முகத்துக்கு எது அழகு என்று பார்ப்பதற்கு முன், நீங்கள் எந்த ரோட்டில், எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் சைக்கிள் ஓடுகிறீர்கள் என்பதைக் கண் பரிசோதிப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வாசிப்புக்கு மட்டும் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிடக்கூடும்.

வாசிப்புக் கண்ணாடியோடு ரோட்டுக்குப் போகாதீர்கள்

கண்ணாடியின் பவர் என்பது விளங்காத கணக்கு அல்ல. மைனஸ் 1 பவர் உள்ள கண், கண்ணாடி இல்லாமல் ஒரு மீற்றர் தூரம் வரைதான் தெளிவாகப் பார்க்கும். மைனஸ் 2 என்றால் அரை மீற்றர். அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் மங்கல். இப்படிப்பட்டவருக்குத் தூரத்துக்கான கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

நாற்பது வயதுக்குப் பின் வாசிக்கப் போடும் பிளஸ் கண்ணாடி இதற்கு மறுபக்கம். தூரப் பார்வை நன்றாக இருக்கும் பெண், பிளஸ் 2 வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் சைக்கிளில் ஏறினால், அரை மீற்றருக்கு அப்பால் எல்லாம் அவளுக்கு மங்கலாகிவிடும். சந்தைப் பெட்டிக்கடையில் விற்கும் கண்ணாடிகள் பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவரில் செய்திருப்பார்கள். கணக்குக் கொப்பி பார்க்க அது போதும். ரோட்டுக்கு அது ஆபத்து.

வேகத்தையும் யோசியுங்கள். சமதரையில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு செக்கனில் 4 மீற்றர் ஓடிவிடும். தெமோதரையிலிருந்து ஹாலிஎலைப் பக்கம் இறங்கும் ரோட்டில் மணிக்கு 30 கிலோமீற்றர் சுலபமாக வந்துவிடும். அப்போது ஒரு செக்கனுக்கு 8 மீற்றருக்கும் மேல். குழியைக் கண்டு பிரேக்கை அழுத்தவே ஒரு செக்கன் எடுக்கும். ஆகவே குழி தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்குமாக ஒரே கண்ணாடியில் இரண்டு பவர் வைத்த பைபோக்கல் கண்ணாடி பலரிடம் உண்டு. கடையில் நின்று பில் பார்க்க வசதிதான். ஆனால் சைக்கிளில் குனிந்து முன் சில்லுக்குப் பக்கத்திலுள்ள நிலத்தைப் பார்த்தால் பார்வை கீழ்ப்பகுதி வழியாகப் போகும். கல்லும் குழியும் மங்கலாகத் தெரியும். கோடு தெரியாமல் பவர் மாறும் விலை கூடிய வகையிலும் ஓரங்களில் பார்வை கலங்கும். ஆகவே தூரத்துக்கு மட்டும் ஒரே பவரில் செய்த கண்ணாடியைச் சைக்கிளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. கையில் பைபோக்கல் மட்டும்தான் இருக்கிறது என்றால், கீழே பார்க்கும்போது தலையையும் சேர்த்துத் தாழ்த்திப் பழகுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது

அரசாங்க வைத்தியசாலைகளின் கண் கிளினிக்கில் பரிசோதனை இலவசம். தெமோதரைப் பக்கத்தவருக்குப் பதுளை வைத்தியசாலை கிட்ட. லயன்ஸ் கழகங்களும் அவ்வப்போது கண் முகாம் நடத்துவதுண்டு. இலவசமாகக் கிடைக்கிறதே என்று யாரோ போட்டுக் கழித்த கண்ணாடியைப் பவர் பார்க்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள். பரிசோதித்த துண்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கண்ணாடி உடைந்தால் அதைக் காட்டியே மறுபடி செய்யலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் சீனி கட்டுப்பாட்டில் இருக்கும்போது பரிசோதிப்பது நல்லது. சீனி ஏறி இறங்கும்போது பவரும் மாறும். இந்த வாரம் செய்த கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாமல் போகலாம்.

செல்லோ வெடியோ பட்டு முகத்திலும் தலையிலும் காயப்பட்டவர்கள், அது எத்தனை வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும், வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்தும் கண்புரை வரலாம். அதற்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை, சத்திரசிகிச்சைதான் வழி. உடம்பில் உலோகத் துண்டு இருப்பவருக்கு எப்போதாவது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னால், துண்டு இருப்பதை முன்கூட்டியே சொல்வது மிக அவசியம். அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை அசைத்துவிடக்கூடும். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் அடிப்பதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போகாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வில்லையும் நிறமும்

சைக்கிளுக்குப் பழைய காலத்துக் கண்ணாடி வில்லை வேண்டாம். விழுந்தால் உடைந்து கண்ணுக்குள் குத்தும். பிளாஸ்டிக் வில்லை பாரம் குறைவு, சுலபத்தில் உடையாது. அதிலும் பொலிகார்பனேட் என்ற வகை மிக உறுதியானது. தொழிற்சாலைகளில் போடும் பாதுகாப்புக் கண்ணாடிகளும் அதில்தான் செய்கிறார்கள். ஆனால் அது சுலபத்தில் கீறும். கீறல் தாங்கும் பூச்சுப் போட்டுத் தரும்படி கேளுங்கள். சேலைத் தலைப்பால் உலரத் துடைக்காமல், முதலில் தண்ணீரில் கழுவிப் பிறகு துடையுங்கள். தூசியோடு துடைத்தால் அந்தத் தூசியே வில்லையைக் கீறிவிடும்.

நிறம் போடாத தெளிவான வில்லைதான் நமக்கு ஏற்றது. காலை இருட்டில் புறப்பட்டு மாலை மங்கலில் திரும்பும் பெண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி உதவாது. பகலிலும் ஒரு சிக்கல் உண்டு. தெமோதரை நிலையத்தை விட்டுப் பதுளைப் பக்கம் இறங்கும் ரயில், மலையைச் சுற்றி வந்து அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. அதில் பயணம் செய்தவர்களுக்கு, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனதும் கண் எப்படித் திண்டாடும் என்று தெரியும். வெயிலில் ஓடிவந்து மரநிழல் மூடிய வளைவில் நுழையும்போதும் கண்ணுக்கு அதே திண்டாட்டம்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் அது இன்னும் கூடும்.

வெயிலில் தானாகக் கறுத்து, நிழலில் தெளியும் கண்ணாடியைக் கடைக்காரர் காட்டுவார். அது கறுப்பதைவிடத் தெளிவதற்கு அதிக நேரம் எடுக்கும். குளிரில் கூடுதலாகக் கறுத்து, இன்னும் மெதுவாகத் தெளியும். ஆகவே மலைநாட்டில் அதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பயனில்லை. இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியும் அப்படித்தான். எதிரே வரும் வாகன வெளிச்சத்தில் பாதசாரியைக் காண அது உதவவில்லை என்று 2019 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

வெயில் கூசினால் அகலமான விளிம்புள்ள தொப்பி போடுங்கள். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்க நிறம் தேவையில்லை. யூவி 400 என்ற பாதுகாப்புத் தெளிவான வில்லையிலும் கிடைக்கும். பொலிகார்பனேட்டுக்கு அந்தக் குணம் இயல்பாகவே உண்டு.

பிரேம் தெரியும்போது

பிரேமைப் போட்டுக்கொண்டு கடையிலேயே குனியுங்கள், தலையை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். நழுவினால் அது சைக்கிளுக்கு ஆகாது. வியர்வையில் இன்னும் நழுவும். ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிடும் அந்த நொடியில்தான் குழி வரும். மூக்கில் பதியும் சிறு றப்பர்த் துண்டுகளை வளைத்துச் சரிசெய்யக்கூடிய பிரேமாகப் பாருங்கள். பின்னால் ஒரு கயிறு கட்டிக்கொள்வதில் வெட்கமில்லை.

காதுப் பக்கக் கைகள் மெல்லியதாக இருக்கட்டும். அகலமான கைகள் பக்கப் பார்வையை மறைக்கும். நம் நாட்டில் நாம் இடது பக்கமாகப் போக, வாகனங்கள் வலது பக்கமாக முந்துகின்றன. வலது ஓரம் திறந்திருக்க வேண்டும். வில்லை, புருவத்திலிருந்து கன்னம் வரை மறைக்கும் அளவு இருந்தால் காற்றும் தூசியும் பூச்சியும் குறையும். ஆனால் கன்னத்தில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் மேட்டில் தள்ளும்போது வியர்வை ஆவியும் காலைப் பனியும் வில்லையில் படியும். பவர் அதிகமுள்ளவர்கள் மிகப் பெரிய பிரேமைத் தவிர்க்க வேண்டும். வில்லையின் ஓரம் தடித்துப் பாரம் கூடும்.

பந்தயச் சைக்கிள் ஓட்டுபவர்கள் முகத்தைச் சுற்றி வளைந்த கண்ணாடி போடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் குனிந்து ஓடுபவர்கள். நாமோ லேடீஸ் சைக்கிளில் நிமிர்ந்து இருக்கிறோம். அதில் பவர் வில்லை வைப்பதும் கடினம், செலவும் அதிகம். சாதாரணப் பிரேம் நமக்குப் போதும்.

ஒரு கண்ணை இழந்த சகோதரிக்கு

இதை எழுதாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. போரில் ஒரு கண்ணை இழந்த பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலர், மற்றக் கண் நன்றாகத் தெரிகிறதே, எனக்கு எதற்குக் கண்ணாடி என்கிறார்கள். அந்த ஒரு கண் நன்றாக இருப்பதனால்தான் அவர்களுக்குக் கண்ணாடி வேண்டும். பறந்து வரும் ஒரு சிறு கல், வேலியிலிருந்து நீட்டும் ஒரு முள் போதும், முழுப் பார்வையும் போய்விட. பவர் தேவையில்லாவிட்டாலும் பவர் இல்லாத பொலிகார்பனேட் கண்ணாடியை எப்போதும் போட்டிருக்க வேண்டும் என்றுதான் கண் வைத்தியர்கள் சொல்கிறார்கள். சைக்கிளில் மட்டுமல்ல, விறகு வெட்டும்போதும் தோட்ட வேலையிலும் இது பொருந்தும்.

வலது கண் இல்லாதவர் சைக்கிளின் வலது கைப்பிடியில் ஒரு கண்ணாடி பூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பஸ் அதில் தெரியும். ஒரே கண்ணால் தூரத்தை மட்டிடுவது கடினம். ஆகவே இறக்கத்திலும் சந்தியிலும் வேகத்தைக் குறைத்து, தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்துப் போங்கள். பழகப் பழக மனம் தானாக அளவு பிடித்துக்கொள்ளும்.

நமக்கென்று ஒரு செலவு

பிள்ளைக்குக் கண்ணாடி என்றால் கடன் பட்டாவது வாங்குகிறோம். நமக்கென்றால் அடுத்த மாதம் என்று தள்ளுகிறோம். கண்ணாடி போட்டால் வயது போய்விட்டது என்பார்கள், குமருக்கு வரன் அமையாது என்பார்கள். இந்தப் பேச்சுகளுக்குப் பதிலாக, தேயிலைத் தொழிலாளரிடமே நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம்.

இந்தியாவின் அசாம் மாநிலத்தில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 751 கொழுந்து பறிப்பவர்களை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 5 கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். உற்பத்தி சுமார் 22 சதவீதம் கூடியது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் கூடுதல் இன்னும் அதிகம். இந்த முடிவு 2018 இல் வெளிவந்தது. அது வேலைக் கண்ணாடி, நாம் பேசுவது ரோட்டுக் கண்ணாடி. ஆனாலும் பெண்ணின் கண்ணுக்குச் செய்யும் செலவு வீட்டுக்கே திரும்பி வருகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் சங்கம் அடுத்த முறை கூடும்போது ஒரு காரியம் செய்யுங்கள். சுவரில் ஒரு கலண்டரை மாட்டி, எல்லோரும் ஒரே தூரத்தில் நின்று, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றக் கண்ணையும் பொத்திக்கொண்டு வாசித்துப் பாருங்கள். ஒரு கண் மங்கியிருப்பது தெரியாமலே பல வருடம் இருப்பவர்கள் உண்டு. குறை தெரிந்தவர்களைச் சேர்த்து ஒரே நாளில் கிளினிக்குக்குப் போனால் பயமும் குறையும், ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். சேமிப்புக் குழு உள்ள இடங்களில் கண்ணாடிக்கென்று சிறு கடன் கொடுக்கவும் தீர்மானிக்கலாம்.

அடுத்த இதழில் நீரிழிவும் கண்ணும் பற்றிப் பார்ப்போம்.