கிராம நிலமும் கமிட்டியின் கடமையும்

இங்கிலாந்தில் சொந்த நிலத்திலேயே புதுவீடு எழுப்புவதாயினும் அனுமதி வேண்டும். 1947-ஆம் வருஷத்து நகர, கிராம நிர்மாணச் சட்டம் 1948 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது முதல் இதுவே நியதி. விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை உத்தியோகஸ்தர்களே தீர்த்துவிடுகின்றனர். தகராறுக்குரியவையே ஜனப் பிரதிநிதிகள் அடங்கிய கவுன்சில் கமிட்டியின் முன் வருகின்றன.

கமிட்டியார் தம் இஷ்டப்படி தீர்ப்பளிக்க இயலாது. தக்க காரணமின்றி ஸ்தல அபிவிருத்தித் திட்டத்தை மீறலாகாதென்பது 2004-ஆம் வருஷத்துச் சட்டம். வெள்ள அபாயமும் பாதை நெருக்கடியும் காரணங்களாகும். அண்டை வீட்டின் விலை குறையுமென்பது காரணமாகாது.

இவையெல்லாம் நியாயமே. ஆனால், அனுமதி மறுக்கப்பட்டவர் மத்திய சர்க்காரின் இன்ஸ்பெக்டரிடம் அப்பீல் செய்துகொள்ளலாம். அனுமதியை ஆக்ஷேபித்த கிராமவாசிகளுக்கோ அவ்வுரிமை இல்லை. சட்டப் பிழையிருந்தால் பெருஞ்செலவில் ஹைக்கோர்ட்டை நாடலாம், அவ்வளவே. ஆகவே கமிட்டிக் கூட்டமே அவர்களுக்குக் கடைசி மன்றம். அங்கும் பல கவுன்சில்கள் பேச அளிப்பது மூன்றே நிமிஷம்!

இந்நிலையில் அங்கத்தினரின் பொறுப்பு பெரிது. கூச்சலுக்கு அஞ்சிக் காரணமின்றி மறுத்தால், அப்பீலில் தோற்று, எதிர்க்கட்சியின் செலவையும் வரிப்பணத்திலிருந்து கொடுக்க நேரலாம். தாக்ஷண்யத்துக்காக அனுமதித்தாலோ, போன வயல் திரும்பாது. நிலத்தை நேரில் கண்டு, முன்முடிவின்றி இரு தரப்பையும் கேட்டு, காரணங்களைப் பகிரங்கமாகக் கூறுவதே நேர்வழி. மூன்று நிமிஷம் பேசியவனுக்கு, தன் வார்த்தை எடைபோடப்பட்டது என்ற திருப்தியாவது கிட்ட வேண்டும். அது கிட்டாத இடத்தில் ஸ்தல சுயாட்சி என்பது பெயரளவே.