செத்திருந்தால் அழுதிருப்பீர்கள்

"வீட்டுக்காரரு என்ன வேலை பாக்குறாரு?" காரியாபட்டியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போன வாசலிலெல்லாம் இதுதான் முதல் கேள்வி. விவாகரத்து ஆகிவிட்டது என்றால், காலியாகக் கிடக்கும் வீடு அடுத்த நிமிடமே மகனுக்குத் தேவைப்பட்டுவிடும். கடைசியில் வீடு கொடுத்த அத்தையும் ஒரு நிபந்தனை போட்டார். "யாராச்சும் கேட்டா துபாய்ல இருக்காருன்னு சொல்லிரு தாயி. பிள்ளைகிட்டயும் சொல்லி வச்சிரு."

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஊர் மானத்தைக் காக்க அவளும் பொய் பழக வேண்டுமாம்!

மறைப்பது எனக்குப் புதிதில்லை. சிவகாசியில் நான் வாழ்ந்த தெருவில், என் புருஷனுக்குத் திருத்தங்கலில் இன்னொரு குடும்பம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மாமியாருக்குத் தெரியும், பால்காரருக்குக்கூடத் தெரியும். நான்தான் பட்டாசு ஆலைக்கு வேன் ஏறிப் போய், சோப்பு போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத அலுமினியப் பவுடரோடு வீடு திரும்பி, அவனுக்கும் சேர்த்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கேட்டபோது, "பொம்பளதான் பொறுத்துப் போகணும்" என்றார்கள். அன்றைக்கு அவனுக்காக வாயை மூடியவர்கள், இன்றைக்கு என்னையும் மூடச் சொல்கிறார்கள்.

ஆலை வெடித்து அவன் செத்திருந்தால் மாவட்டமே எனக்காக அழுதிருக்கும். அமைச்சர் வந்திருப்பார், நிவாரணம் அறிவித்திருப்பார்கள். அப்படிப் புருஷனைப் பறிகொடுத்தவர்களோடு வேலை பார்த்தவள் நான், அந்த வலியைச் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் என் புருஷன் உயிரோடு இருக்கிறான். அதற்கு நான் வாழாவெட்டி.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கொடுத்த மனுவில் 'பரஸ்பர சம்மதம்' என்று இருக்கிறது. என்ன சம்மதம்? நகையைக் கேட்காமல் இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றான். அலைந்து அலுத்துப்போய் விட்டுக்கொடுத்தேன். குட்டியானையில் வந்து இறங்கியது பூட்டு உடைந்த பீரோ மட்டும்தான். சீதனம் பெண்ணுக்கே சொந்தம், திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டதாம். கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் அது என் காதுக்கு வந்தது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். "அப்பா கையெழுத்து வேணும், கூட்டிட்டு வாங்க." தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறையே படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டது. அந்தப் பள்ளி விண்ணப்பத்தை மட்டும் இன்னும் யாரும் மாற்றவில்லை.

நாங்கள் ஒன்றும் விவரம் தெரியாத சீமையில் பிறக்கவில்லை. பெண்ணுக்கு விவாகரத்து உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1931-ல் சுயமரியாதை மாநாடு நடந்தது எங்கள் விருதுநகரில். நாடு முழுக்க இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-ல்தான், சென்னை மாகாணமோ 1949-லேயே விவாகரத்துக்குச் சட்டம் போட்டுவிட்டது. இவ்வளவும் நடந்த மண்ணில் எனக்குத் துபாய்ப் புருஷன் ஒருவன் தேவைப்படுகிறான்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்காதீர்கள். 'பிரசவத்துக்கு வந்திருக்கா' என்று சொல்லிச் சொல்லியே ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். அவள் பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிட்டான். துணி காயப்போட இருட்டிய பிறகுதான் மாடிக்கு வருகிறாள். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

தங்கச்சி, நான் போகும் மில்லில் காலை ஷிப்டுக்கு ஆள் கேட்கிறார்கள். வேன் ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வரும். சூப்பர்வைசரிடம் நான் பேசுகிறேன். வீட்டுக்காரர் எங்கே என்று அங்கே எவராவது கேட்டால், பதிலை என்னிடம் விட்டுவிடு.