பொம்மை எனும் பழி

நீராவியால் உண்மையாகவே இயங்கும் சிறு புகையிரத எஞ்சின்களைத் தம் வீட்டுப் பட்டறையில் அமைப்போரை, பொம்மை விளையாட்டை விடாதவர் என எள்ளுவோர் கற்றோரிடையேயும் உளர். கைத்தொழில் அறிவினும் தாழ்ந்தது என்னும் பழைய மயக்கமே இவ்வெள்ளலின் வேராகும்.

உண்மை யாது? எஞ்சினொன்றின் நீள அகல உயரங்களை 10இல் ஒன்றாகக் குறைப்பின், பரப்பு 100இல் ஒன்றாகும். கனவளவோ 1,000இல் ஒன்றாகும். எனவே, கொள்ளும் நீரோடு ஒப்பிடின் வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பு 10 மடங்காகின்றது. கொதிகலக் குழாய்களையும் அதே விகிதத்தில் சுருக்கினால் தீயின் மூச்சு அடைபடும். குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, விட்டத்தைக் கூட்டல் வேண்டும். இதனை வெறும் நகலெடுப்பு என்பது எங்ஙனம் பொருந்தும்?

1920களில் இங்கிலாந்தின் ‘மொடல் எஞ்சினியர்’ இதழில் ‘கொதிகலன்களின் போர்’ எனப்பட்ட விவாதம் மூண்டது. 2½ அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின் நிலக்கரியை எரித்து மனிதரை இழுக்கும் என வாதிட்டவர், ‘எல். பி. எஸ். சி.’ என்ற புனைபெயரில் எழுதிய முன்னாள் புகையிரதத் தொழிலாளி. ஐயுற்றோருக்கு அவரது ‘ஆயிஷா’ என்னும் எஞ்சினே இழுத்துக் காட்டி விடை பகர்ந்தது.

தாளிற் பிழைத்த சமன்பாட்டை அழித்தெழுதலாம். செப்புக் கொதிகலனோ, இயங்கும் அழுத்தத்தின் இருமடங்கு நீரழுத்தத்தைத் தாங்கிய பின்னரே தீயைக் காணும். கோட்பாட்டை இத்துணைக் கண்டிப்புடன் சோதிக்கும் வழக்கம் நமது விரிவுரை மண்டபங்களில் உண்டா? எள்ளுவோர் முதலில் இவ்வினாவுக்கு விடை கூறட்டும்.