முற்றட்டும் என்று காத்திருக்கும் கண்கள்

சம்பா அறுப்பு முடியட்டும், கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் கைக்கு வரட்டும், புரையும் நன்றாக முற்றட்டும்: காவிரிப் படுகையில் முதியோரின் கண் அறுவை இப்படித்தான் தள்ளிப்போகிறது. முற்றிய புரையைத்தான் எடுக்க வேண்டும் என்பது பழைய அறுவை முறைக்குப் பொருந்திய விதி. இன்று அது கண்ணுக்கே கேடு.

மிகவும் முற்றிய புரையில் விழிவில்லையின் புறப்பகுதி நீர்த்துப்போகிறது; அதன் புரதம் உறையைக் கடந்து கசிகிறது. அதை விழுங்க வரும் உடலின் காவல் அணுக்கள், விழியின் உள்நீர் வடியும் நுண்வலையை அடைத்துக்கொள்கின்றன. அழற்சி மூள்கிறது, கண்ணழுத்தம் ஏறுகிறது. கண் சிவந்து, தலை வெடித்து, வாந்தியும் எடுக்கும் மூதாட்டிக்குப் பித்தம் என்று சொல்லி வீட்டார் சுக்குக் கஷாயம் கொடுக்கின்றனர். அழுத்தம் நீடித்துப் பார்வை நரம்பு நலிந்துவிட்டால், பின்னர் புரையை எடுத்தும் பயனில்லை.

ஓசையின்றி நடக்கும் அழற்சியும் உண்டு. மூப்பில் விழித்திரையின் நடுப்பகுதியில் கழிவு படிகிறது. கிருமிகளைத் தாக்குவதற்கென அமைந்த புரத அணி கட்டுமீறி அவ்விடத்துத் திசுவையே அரிக்கிறது. அவ்வணியை அடக்கும் மரபணுவின் ஒரு வேறுபாட்டுக்கும் இந்த விழித்திரைச் சிதைவு நோய்க்கும் உள்ள தொடர்பு 2005இல் வெளிப்பட்டது; அணியைத் தடுக்கும் ஊசிமருந்துகளுக்கு 2023இல் அமெரிக்கா இசைவளித்தது. அவை சிதைவைத் தாமதப்படுத்துமேயன்றி இழந்த பார்வையைத் தாரா. இந்நோயை வளர்க்கும் பீடியை விடுவதற்கோ காசு செலவில்லை.

கண்ணோயைக் கூர்ந்து நோக்கிப் பதிந்துவைப்பது தஞ்சைக்குப் புதிதன்று. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில், நோயுற்ற கண்களை வண்ணத்தில் தீட்டி எழுதிய குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அரண்மனையில் இருந்த அவ்வக்கறை குடிசைக்கும் வரவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

வழியும் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கப் பணியாளர்கள் வீடுதேடிச் செல்கின்றனர். விழித்திரைச் சிதைவை அறிய, முதியவரை ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, சன்னல் கம்பி நேராகத் தெரிகிறதா, வளைந்து தெரிகிறதா என்று அவர்களே கேட்கலாம். கண்மணியில் வெண்மை தென்பட்டால் பெயரைக் குறித்து அனுப்பலாம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே, வயல்வேலை குறைந்த கோடையில், அறுவைகளை முடிக்க மாவட்ட நிர்வாகங்கள் திட்டமிடட்டும். வலியோடு சிவந்த கண்ணுக்கு மட்டும் பருவம் பார்க்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வண்டி வேண்டும்.