தேயும் செல்வம்: காருக்கு இறுதி மெருகு

கலியாண நாள் நெருங்கிவிட்டால் சுவருக்குச் சுண்ணாம்பு, முற்றத்துக்கு வெண்மணல், பெண்களுக்குப் பட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுமை தேடுவது எம்மவர் வழக்கம். அந்த வரிசையில் வீட்டுக் காரும் சேர்ந்துகொள்வதில் வியப்பில்லை. எமது அத்தானின் மகளுக்குச் சென்ற ஆவணியில் திருமணம் நடைபெற்றது. மாப்பிள்ளையை அழைத்துவர வேறொரு வண்டி வேண்டியதில்லை, வீட்டில் நிற்கும் மொறிஸ் மைனரே போதும் என்று அத்தான் முடிவு செய்திருந்தார்.

அந்தக் கார் அத்தானின் தகப்பனார் வாங்கியது. 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்த இவ்வகைக் கார்களை யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்றும் நேயர்கள் காணலாம். 1990 ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தையும் அது கண்டிருக்கிறது. அதன் கறுப்பு வர்ணம் பழைய முறையில் அடிக்கப்பட்டது. வெயிலிலும் உப்புக் காற்றிலும் ஒளி மங்கி, பழைய கரும்பலகைபோல் ஆகியிருந்தது.

திருமணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எமது மருமகன் விடுமுறையில் வந்தான். அக்காவின் திருமணத்துக்குக் காரைக் கண்ணாடியாக்கிக் காட்டுகிறேன் என்று, நண்பனிடம் சுழலும் இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கினான். கடையில் கிடைத்தவற்றுள் மிகக் கரடான கட்டிங் பேஸ்டையும் வாங்கினான். நண்பகல் வெயிலில் காரை நிறுத்தி, பொனட்டின் நடுவரம்பில் இயந்திரத்தை அழுத்திப் பிடித்தான். அரைமணி நேரம் கழியவில்லை; வரம்பின்மேல் ஐந்து ரூபா நாணயமளவு இடத்தில் கறுப்பு முழுவதும் அகன்று, கீழேயிருந்த சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. அத்தான் வந்து பார்த்தார்; ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் பிள்ளை எம்மிடம் ஓடி வந்தான்.

“மாமா, தேய்க்கத் தேய்க்க மினுங்கும் என்றுதான் தேய்த்தேன். நிறமே போய்விட்டது.”

இந்தப் பிழை அவனொருவனின் பிழையன்று. மெருகிடுதல் என்றால் எதையோ பூசுதல் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது பூசும் வேலையன்று, சீவும் வேலை. தச்சன் பலகையைச் சீவுளியால் இழைத்து மட்டமாக்குவதுபோல, மெருகுக் குழம்பிலுள்ள நுண்ணிய மணிகள் வர்ணத்தின் மேற்பரப்பை அராவி மட்டமாக்குகின்றன. மட்டமான பரப்பு ஒளியை ஒரே ஒழுங்கில் திருப்பியனுப்பும், அதுவே பளபளப்பு. கீறல் நிறைந்த பரப்பு ஒளியை நாற்புறமும் சிதறடிக்கும், அதுவே மங்கல். ஆகவே ஒவ்வொரு மெருகும் வர்ணத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது. போனது திரும்பி வராது.

வர்ணத்தின் தடிப்பு எவ்வளவு என்று அறிந்தால் கை தானாகவே மெதுவாகும். இக்காலத்துக் கார்களில் எல்லாப் பூச்சுகளும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரைதான். ஆயிரம் மைக்ரோன் சேர்ந்தது ஒரு மில்லிமீற்றர். இவற்றுள் மேலே இருப்பது கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு. அது ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரோன், அதாவது ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. நாம் மெருகிடுவது அந்த மெல்லிய ஏட்டைத்தான். அது அழிந்தால் திரும்ப வர்ணமடிப்பதன்றி வேறு வழியில்லை. பழைய கார்களில் நிறமும் மேற்பூச்சும் ஒன்றே. மெருகிடும் துணியில் காரின் நிறம் ஏறினால் அது பழைய முறைப் பூச்சு என்றும், ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் உண்டு என்றும் பெரும்பாலும் கொள்ளலாம்.

வரம்புகளிலும் விளிம்புகளிலும் ஆபத்து இருமடங்கு. வர்ணம் ஈரமாக இருக்கும்போது அவ்விடங்களிலிருந்து விலகி வழிவதால் பூச்சு அங்கே மெல்லியதாக அமைகிறது. இயந்திரத்தின் அழுத்தம் முழுவதும் அந்த ஒடுங்கிய இடத்திலேயே விழுகிறது. மருமகனின் கை பிழைத்த இடமும் அதுவே.

அன்று மாலை நாமும் அவனும் காரைச் சுற்றி வந்தோம். டோர்ச் விளக்கைப் பிடித்தபோது பொனட் முழுவதும் சிலந்திவலைபோல் வட்டவட்டமாகக் கீறல்கள் தோன்றின. “இவ்வளவு வட்டமாகவா கீறியிருக்கிறேன்?” என்று கேட்டான். விளக்கை நகர்த்தச் சொன்னோம். வட்டமும் கூடவே நகர்ந்தது. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மாத்திரம் கண்ணுக்கு மினுங்குவதால் விளக்கைச் சுற்றி வட்டமாகத் தோன்றுகின்றன. அடுக்களையிலுள்ள எவர்சில்வர்த் தட்டை விளக்கடியில் பிடித்தால் பள்ளிப் பிள்ளைகளும் இதைக் காணலாம்.

இத்தகைய நுண்கீறலுக்கே இறுதி மெருகு ஏற்றது. நகத்தால் தடவும்போது நகம் தடக்குமாயின் அது ஆழமான கீறல். அதனை இறுதி மெருகு போக்காது. அதை அடியோடு எடுக்கிறேன் என்று தேய்ப்பவர் கீறலுடன் வர்ணத்தையும் இழப்பார். கரடான பேஸ்ட் விட்டுச்சென்ற மங்கலை நீக்கி, பரப்பைத் தெளிவாக்குவதே இறுதி மெருகின் தொழில். நாம் கையாண்ட முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, கழுவுதல். இரண்டு வாளி எடுத்து, ஒன்றில் கார் ஷாம்பூக் கரைசலும் மற்றதில் வெறும் தண்ணீரும் வைத்தோம். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பின்னரே கரைசலில் தோய்த்தோம். தும்பு தொடவே கூடாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. காரின்மேல் தானாகக் காயவிட்டால் வெண்புள்ளி படியும். ஆகையால் உடனே ஒற்றியெடுத்தோம்.

இரண்டாவது, பரப்பைச் சுத்தமாக்குதல். கையை மெல்லிய பொலித்தீன் பையினுள் நுழைத்து வர்ணத்தைத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும். அதனை எடுப்பதற்கென விற்கும் களிமண் கட்டியை நீர் தெளித்து மெல்ல உருட்டி நீக்கினோம். இந்த மணிகளை விட்டுவிட்டு மெருகிட்டால், அவையே புதிய கீறல்களைப் போடும்.

மூன்றாவது, காப்பு. வரம்புகளுக்கும் விளிம்புகளுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். காரை நிழலில் நிறுத்தி, தகடு ஆறும் வரை காத்திருந்தோம். சூடான தகட்டில் மெருகு உடனே காய்ந்து, துடைக்க வராமல் பிடித்துக்கொள்ளும்.

நான்காவது, பரீட்சை. முழுப் பொனட்டிலும் இறங்காமல், ஓர் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் மாத்திரம் செய்து பார்த்தோம். மிக மென்மையான மெருகும் மிக மென்மையான ஸ்பொஞ்சுமே முதலில். அது போதாவிட்டால்தான் அடுத்த படி. மருமகன் தொடங்கியதோ இதற்கு நேர்மாறாக.

ஐந்தாவதே மெருகிடுதல். இயந்திரத்தை ஒதுக்கிவைத்துக் கையாலேயே செய்தோம். பயறளவு நான்கு துளி போதும். ஒன்றரை அடிச் சதுரமான இடத்தை எடுத்து, முதலில் நெடுக்காகவும் பின்னர் குறுக்காகவும், ஒரு கோடு மற்றதன் பாதியை மூடும்படி தேய்த்தோம். தொடக்கத்தில் சற்று அழுத்தம். முடிவில் ஸ்பொஞ்சின் பாரம் மாத்திரம். பலவகை மெருகுகளில் மணிகள் தேய்க்குந்தோறும் உடைந்து மேலும் நுண்மையாகும். ஆதலால் பாதியில் நிறுத்துவோர்க்கு முழுப் பயன் கிட்டாது. ஸ்பொஞ்சில் கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. அதனை அடிக்கடி கழுவி மாற்றினோம். அழுக்கேறிய ஸ்பொஞ் மெருகிடாது, கீறும்.

இயந்திரம் உடையவர்கள் இரட்டை அசைவுள்ள பொலிஷரையே பயன்படுத்துவது நன்று. அதன் வட்டு சுழல்வதுடன் அலையவும் செய்வதால் சூடு ஓரிடத்தில் சேராது. ஒரே அச்சில் சுழலும் இயந்திரம் பழகிய கைகளுக்கே உரியது.

ஆறாவது, உண்மையைப் பார்த்தல். மெருகிலுள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பி அவை மறைந்ததுபோல் காட்டும். இரண்டு முறை கழுவியதும் பழையபடி தோன்றும். எனவே நீர் கலந்த ஐசோபுறோபைல் அற்ககோலை மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு, சோதனை இடத்தை மெல்லத் துடைத்து, மீண்டும் டோர்ச் விளக்கைப் பிடித்தோம். அப்போதும் தெளிவாக இருந்தால்தான் மெருகு உண்மை.

கடைசியில்தான் மெழுகு. வடகிழக்குப் பிரேசிலில் வளரும், பனைக் குடும்பத்தைச் சேர்ந்த கார்னோபா மரத்தின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு இதற்குப் பெயர்பெற்றது. மெழுகு வர்ணத்தைக் குறைப்பதில்லை. மேலே ஒரு காப்பாக நிற்கிறது. எமது வெயிலில் அது நெடுநாள் நில்லாது; தேய்ந்ததும் மெழுகையே திரும்ப இடவேண்டுமன்றி, ஒவ்வொரு முறையும் மெருகில் கைவைக்கக் கூடாது. புதிதாக வர்ணமடித்த காருக்கு, அடித்தவர் கூறும் காலம் வரை மெழுகு வேண்டாம்; வர்ணத்தினுள் இருக்கும் கரைப்பான் வெளியேற இடம் வேண்டும்.

இவ்வாறு நான்கு மாலைகள் சென்றன. ஐந்தாம் நாள் பொனட்டில் முற்றத்து வேம்பின் இலைகள் தனித்தனியே தெரிந்தன. பிரைமர் தெரிந்த இடத்துக்கு மருமகனே சிறு தூரிகையால் கறுப்பு வர்ணத்தை மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பின் மற்றொன்றாக இட்டான். தூரத்தில் தெரியாது, அருகே வந்தால் தெரியும். அதற்குமேல் எம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

காருக்கு வர்ணம் பூசுவது இன்று சிறு செலவன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் கையிலிருப்பதைப் பேணுவதன் அருமையை நம் நாட்டில் உணராத குடும்பம் இல்லை. வாரந்தோறும் மெருகிடுவோர் காரைப் பேணுவதாக எண்ணலாம். உண்மையில் அதைத் தேய்க்கின்றனர். ஒழுங்காகக் கழுவுதல், உலர்ந்த தூசியை வெறுந்துணியால் துடையாதிருத்தல், காகத்தின் எச்சத்தை உடனே நனைத்து அகற்றுதல் ஆகிய மூன்றையும் கைக்கொண்டால் மெருகு அரிதாகவே வேண்டியிருக்கும்.

திருமணத்தன்று காலை காருக்குப் பூச்சரம் கட்ட வந்தவர் பொனட்டின் வரம்பைப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்த இடம் மறையும்படி சரத்தைப் போடட்டுமா?” என்று அத்தானிடம் கேட்டார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டான்.

“வேண்டாம், வழமைபோலக் கட்டும். அது தம்பி வேலை பழகின இடம்” என்றார் அத்தான். பின்னர் திறப்பை எடுத்து மகனிடம் கொடுத்தார். அன்று மாப்பிள்ளையை அழைத்துவரக் காரை ஓட்டிச் சென்றவன் அவனே.

அடுத்த கிழமை, பழைய கார்களின் தோல் ஆசனங்களை வெடிப்பு வராமல் பேணும் முறை பற்றி எழுதுவோம்.